பத்தடி

மதில் கட்டி மிஞ்சின சீமெந்தில்
நாலுக்கு ஆறடி
ஒரு தொட்டி கட்டினேன்.
மேசன் சுதர்மன் சிரித்தான்:
"கோண்டாவிலில ஆமைக்கு அற்றாச் பாத்ரூம்."

முதலாவது, கிணறு இறைத்தபோது
சேற்றோடு வாளியில் வந்தது. பாலாமை.
கழுத்தை நீட்டி
என் பெருவிரலைக் குறி பார்த்தது.

இரண்டாவது, ஸ்ரான்லி வீதி மீன்கடையில்
மகள் ஆரபி அழுது வாங்கியது.
வாங்கும்போது குற்றிக்காசு அளவு,
ரெண்டு வருசத்தில் சோற்றுக்கோப்பை.
காதடியில் சிவப்புக் கோடு,
ஆரோ பேனையால் பிழை போட்ட மாதிரி.

மூன்றாவது எப்படி வந்தது என்று
நான் சொல்லமாட்டேன்.
மச்சான் கஜரூபனின் வான்,
புத்தளம், பின்சீற்றுக்கு அடியில்
வெங்காயச் சாக்கு. இவ்வளவும் போதும்.
ஓடு முழுக்க மஞ்சள் கீறல்.
நட்சத்திர ஆமையாம்.

ஆமை என்றால் ஆமைதானே.
ஒரு தொட்டி, ஒரு தண்ணி,
ஒரு அலுமினியத் தட்டு.
அதில் நெத்தலித் தலையும் வல்லாரையும்
பக்கத்தில் பக்கத்தில்.

பின்வளவு ராசமலர் மதிலால் எட்டிப் பார்த்து
"ஆமை புகுந்த வீடு" என்று தொடங்கி
என் முகத்தைக் கண்டதும்
மிச்சத்தை விழுங்கிவிட்டா.
வீடு புகுந்த ஆமை
என்ன ஆகும் என்பதற்குப்
பழமொழி இல்லை.

முதல் கிழமையே
சிவப்புக்காது மற்றதின் பின்காலைக் கடித்தது.
பாலாமை எல்லாவற்றையும் கடித்தது,
தட்டையும்.
மஞ்சள்கீறல்காரன் ஒருநாள்
சாண் தண்ணிக்குள் மல்லாந்து கிடந்தான்.
நீந்தத் தெரியாது என்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
தூக்கி எடுத்து, ஏறி இருக்க ஒரு கல் வைத்தேன்.
கல் வைத்ததோடு எல்லாம் சரி என்று
கை துடைத்தேன்.

பதினெட்டாம் நாள் சாப்பிடவில்லை.
இருபதாம் நாள் சளியும் இரத்தமும்.
இருபத்திரண்டாம் நாள்
ஆரபியின் சப்பாத்துப் பெட்டியில் வைத்து
ஸ்கூட்டியில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன்.

மிருக வைத்தியர் சிவகாமினி
நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடி கேட்டா:
"ஆரோட வைச்சிருந்தனீங்கள்?"

எங்கே எடுத்தனீங்கள் என்று கேட்பா என்று
பொய்யொன்று மடித்து வைத்திருந்தேன்.
இந்தக் கேள்விக்கு அது பொருந்தவில்லை.

"தண்ணி ஆமையின்ர குடலில
இந்த அமீபா வாடகைக்கு இருக்கும்.
சத்தம் போடாது, சுவரில ஆணி அடிக்காது.
தரை ஆமைக்குள்ள வந்தால்
வீட்டையே இடிக்கும்.
அதுகளுக்கு ஒண்டும் செய்யாது.
அதுதான் பிரச்சினை.
நீங்கள் கடியைத்தான் பாத்திருப்பியள்."

வாயைத் திறந்தேன்.
இந்த ஊரில் எதைக் கேட்டாலும்
எங்களைச் சொல்லுகினம் போலத்தான் இருக்கும்.
முகாம், ஒரே தகரம், ஒரே வாளி.
அவ கையைக் காட்டி நிறுத்தினா.

"உவமை வேண்டாம். இது அமீபா.
மருந்து எழுதுறன்."

மூன்று நாள் மருந்து உள்ளே போனது.
நாலாம் நாள் தலை
உள்ளேயும் போகவில்லை, வெளியிலும் வரவில்லை,
ஓட்டின் வாசலில் அப்படியே நின்றது.
"நித்திரையோ?" என்றாள் ஆரபி.
நான் சப்பாத்துப் பெட்டியைத் தேடினேன்.

தொட்டிக்கு வெளுக்கும் தூள் போட்டு
உரஞ்சிக் காயவிட்டாயிற்று.
சிவப்புக்காதுக்குக் கண்ணாடித் தொட்டி.
பாலாமைக்கு நீலப் பரல்.
வாளி வேறு, தும்புக்கட்டை வேறு,
நடுவில் ஒரு சவர்க்காரம்.
மச்சான் போன் எடுத்து
இன்னொன்று கிடக்காம் என்றான்.
வைத்துவிட்டேன்.

பாலாமையைக் கிணற்றிலேயே விடட்டோ என்று
சிவகாமினியிடம் கேட்டேன்.
"இனி ஏலாது.
கடைக்காரி ஆமை எங்கையெல்லாம் இருந்து வந்ததோ,
இது அதிட்ட என்னத்தை வாங்கிச்சுதோ.
கிணத்துக்குள்ள இன்னொண்டு இருந்தால்?"

இருக்கும். இறைத்தபோது
இரண்டாவதாக ஒரு மூக்கு கண்டதாக
சுதர்மன் சொன்னவன்.

இரவில் பரலைச் சுரண்டுகிறது.
நிறுத்தும். பிறகு சுரண்டும்.
எப்போதும் ஒரே பக்கம்.

கிணறு அந்தப் பக்கம்.
பத்தடி.